முதல் இழை எழும்வரை

தெப்பநகரில் காபி தளும்புவதில்லை. டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, வீட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குக் கையில் எடுத்துப் போகலாம். கீழே வங்கக் கடல் புரண்டுகொண்டிருக்கும். மேலே பாலாடை அசையாது. பழைய கரை கடலுக்குள் போன பிறகு பிறந்தவர்களுக்கு இது இயல்பாகிவிட்டது. அலை என்றால் என்ன என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சன்னல் வழியே காட்டித்தான் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

அன்று காலை வல்லத்தார் வீட்டில் காபி தளும்பியது.

சிற்றம்பலம் டபராவில் சிந்தியதைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அதையும் டம்ளரில் ஊற்றிக் குடித்தார். எதிரே நின்ற மருமகள் அபயாம்பாளும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டில் பொறியைக் குறை சொல்லும் வழக்கமில்லை. பொறி அந்த வீட்டுடையது.

நகரைத் தாங்கியவை ஆயிரக்கணக்கான தெப்பங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நீர்த்தொட்டிகள் உண்டு. அலை தூக்கும் பக்கம் தொட்டியில் நீரை ஏற்றி, தாழும் பக்கம் நீரை இறக்கி, தெப்பத்தை மட்டமாக வைத்திருப்பது சமன்பொறியின் வேலை. எல்லாத் தெப்பங்களையும் ஒரே மூளை ஒன்றன்பின் ஒன்றாகக் கவனித்தால், கடைசித் தெப்பத்துக்கு வருவதற்குள் அலை கடந்து போயிருக்கும். ஆகவே பொறியின் நிரலில் தெப்பத்துக்கு ஓர் இழை இருந்தது. எல்லா இழைகளும் ஒரே நேரத்தில் ஓடின. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே நினைவறை.

அந்த நிரலை எழுதியவர் வல்லம் குஞ்சிதபாதம், சிற்றம்பலத்தின் பாட்டனார். முதல் தெப்பத்தைக் கடலில் இறக்கி, அதில் மனைவி மக்களோடு ஏறி உட்கார்ந்து காட்டியவரும் அவரே. அன்று நகர் மன்றம் அவரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. நிரலில் பிழை உண்டு என்று மெய்ப்பிக்கப்படும் நாள்வரை பொறிக்காவல் வல்லத்தார் வீட்டுக்கே. அந்த நாள் வரவில்லை. சிற்றம்பலம் நடந்தால் தெருவில் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள் என்றால், அது அவருடைய முகத்துக்காக அல்ல. வராமலே இருந்த அந்த நாளுக்காக. அவருக்கும் அது தெரியும். எழுபத்தெட்டு வயதிலும் முதுகை வளைக்காமல் நடந்தது அதனால்தான்.

இப்போது நினைவறை நிரம்பிக்கொண்டிருந்தது. இடம் குறையக் குறையப் பொறி தொலைவிலுள்ள அலைகளைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. முன்கூட்டியே பார்த்த கண் கிட்டத்தில் மட்டும் பார்த்தது. காபி தளும்பியது அதன் முதல் அடையாளம்.

நகர் மன்றம் நாகூர்ப் பகுதியிலிருந்து ஒரு கசிவாய்வாளரை அனுப்பியது. சுலைகா நாச்சியார் என்று பெயர். ஐம்பதைத் தொட்டவர், பேச்சில் கூச்சமில்லாதவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வீட்டை ஒருமுறை அளந்துவிட்டார்.

"உட்காருங்கம்மா," என்றார் சிற்றம்பலம். "எங்க பாட்டனார் எழுதினது. அது கசியாது."

"எல்லா வீட்டுலயும் இதையேதான் ஐயா சொல்றாங்க. கசியலன்னா நினைவறை ஏன் நிரம்புது?"

"அதைப் பார்க்கத்தானே உங்களை அனுப்பியிருக்காங்க."

"பார்த்துடலாம். ஆனா ஒண்ணு. அந்தமான் பக்கம் புயல் உருவாயிடுச்சு. நான் பிழையைக் கண்டுபிடிச்சா உங்க காவல் போயிடும். கண்டுபிடிக்கலன்னா நகரம் சாஞ்சிடும். நான் எதுக்குன்னு துவா கேக்கறது?"

"நீங்க உள்ளதைக் கண்டுபிடிங்க. வேண்டுதலை நாங்க பார்த்துக்கறோம்."

சுலைகா சிரித்துவிட்டார். சிற்றம்பலம் சிரிக்கவில்லை.

பொறியறை அபயாம்பாளின் பொறுப்பு. அவள் கணவன், சிற்றம்பலத்தின் ஒரே மகன், தொட்டிகளுக்கு அடியில் முக்குளித்துப் பாசி சுரண்டும் வேலையை விரும்பிப் போய்விட்டான். நிரலைப் படித்தவள் மருமகள்தான். இருபது வருடமாகப் பொறியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பவள்.

"நிறுத்தித் திரும்ப ஓட்டினா நினைவறை காலியாயிடுமே, ஏன் செய்யல?" என்று கேட்டார் சுலைகா.

"நிறுத்தின உடனே தெப்பம் ஒவ்வொண்ணும் தன் இஷ்டத்துக்கு ஆடும்க்கா. ஒண்ணோட ஒண்ணு மோதும். இவ்வளவு சனம் மேல இருக்கு."

"நினைவறையைப் பெருசு பண்ணினீங்களா?"

"ரெண்டு தடவை. அதுவும் நிரம்பிடுச்சு."

சுலைகா வேலையைத் தொடங்கினார். நகரின் விளிம்பிலுள்ள மிதவைகள் ஒவ்வோர் அலையையும் அளந்து, அதை ஓர் அலைத்துணுக்காக நினைவறையில் வைக்கும். எல்லா இழைகளும் அந்தத் துணுக்கைப் பார்த்து, தத்தம் தொட்டிகளைச் சரிசெய்யும். எல்லோரும் பார்த்து முடித்ததும் துணுக்கு அழியும். அது இருந்த இடம் அடுத்த அலைக்குக் கிடைக்கும். ஓர் இழை பாதி பார்த்துக்கொண்டிருக்கையில் துணுக்கை அழித்துவிட்டால், அது கிறுக்கலைப் படித்து, தொட்டியில் தாறுமாறாக நீரை ஏற்றிவிடும். வீட்டோடு தெப்பம் கவிழும். ஆகவே அழிப்பதில் அவசரம் கூடாது. ஆனால் அழிக்க மறந்தால் இடம் அடைபட்டுக்கொண்டே போகும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் யார் மறந்தார் என்று காண்பது எளிதல்ல.

குழாயில் கசிவு தேடுகிறவர்கள் நீரில் சாயம் கலப்பதுபோல, சுலைகா துணுக்குகளுக்குச் சாயமிட்டார். எந்த இழை எடுக்கிறது, எந்த இழை வைக்கிறது என்று நிறம் நிறமாகத் திரையில் ஓடியது. பகல் முழுவதும் பார்த்தார். ஒவ்வோர் இழையும் எடுத்தது, பார்த்தது, முடித்தது. ஒரு துணுக்குகூடத் தங்கவில்லை.

"நான் பார்க்கும்போது மட்டும் ஒழுங்கா இருக்குதுங்க," என்றார். "வீட்டுக்கு விருந்தாளி வந்தா பிள்ளைங்க நடந்துக்குமே, அந்த மாதிரி."

"கடல் இன்னைக்கு அமைதியா இருக்குக்கா," என்றாள் அபயாம்பாள், மாமனார் காதில் விழுமோ என்பதுபோல் கதவுப் பக்கம் திரும்பியபடி.

சுலைகா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சாயத்தையெல்லாம் நிறுத்தினார். ஓடிக்கொண்டிருப்பதைப் பார்ப்பதை விட்டு, தேங்கிக் கிடப்பதைப் பார்க்கத் தொடங்கினார். நினைவறையை அடைத்துக்கொண்டிருந்த பழைய துணுக்குகளை ஒன்றொன்றாகத் திறந்தார். எல்லாம் பெரிய அலைகள். மூன்று மழைக்காலங்களின் பெரிய அலைகள் அத்தனையும் அங்கே இருந்தன. சின்ன அலை ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பெரிய அலைத்துணுக்கின் மேலும் எல்லா இழைகளும் ஒரே குறியை இட்டிருந்தன: முடித்தேன், காத்திருக்கிறேன்.

ஒன்றைத் தவிர. முதல் இழை மட்டும் எந்தக் குறியும் இடவில்லை.

"யாருக்காகக் காத்திருக்குதுங்க?"

அபயாம்பாள் நிரலின் தொடக்கத்தைத் திறந்து காட்டினாள். குஞ்சிதபாதத்தின் கையெழுத்துப் போன்றே திருத்தமான வரிகள். ஒவ்வோர் அலையையும் அவர் ஒரு பந்தியாக வைத்திருந்தார். பந்தியில் உட்கார்ந்த எல்லோரும் உண்டு முடிக்கும்வரை இலை எடுக்கலாகாது. மூத்தவர் எழுவதற்கு முன் இளையவர் எழலாகாது. வல்லத்தார் வீட்டுச் சாப்பாட்டுக் கூடத்தின் முறை அது. அவர் அதையே பொறிக்கும் வைத்தார். பந்தியில் மூத்தது முதல் இழை. முதல் இழைக்கு அவர் தன் பெயரையே இட்டிருந்தார்.

"நல்ல முறைதான்," என்றார் சுலைகா. "அந்த முதல் தெப்பம் எங்க மிதக்குது? நான் பார்க்கணும்."

அபயாம்பாள் எழுந்தாள். "மாமாவைக் கூட்டிக்கிட்டுப் போலாம்க்கா," என்றாள்.

முதல் தெப்பம் மன்றச் சதுக்கத்தில் கருங்கல் மேடைமேல் இருந்தது. சுற்றிலும் பித்தளைக் கம்பி. யாரோ சம்பங்கி மாலை சாத்தியிருந்தார்கள். சுலைகா மேடையை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து தொட்டியின் அடியில் கைவைத்துப் பார்த்தார். கையில் தூசிதான் ஒட்டியது.

"இது எப்ப ஐயா மேல வந்துச்சு?"

"பாட்டனார் இதைக் கடல்ல இறக்கின நூற்றாண்டுக்கு. மூணு வருஷம் ஆச்சு. நான்தான் தூக்கி வைக்கச் சொன்னேன். கடல்ல கிடந்து துருப்பிடிக்க வேண்டிய பொருளா இது?"

"இதோட இழை?"

"அது ஓடுது."

"அப்பவே எடுத்துடலாம்னு சொன்னேன்," என்றாள் அபயாம்பாள் மெதுவாக.

"பேரை எடுக்கிறதான்னு கேட்டேன். இப்பவும் அதையேதான் கேப்பேன்."

சுலைகா கையைத் தட்டிக்கொண்டார். "ஐயா, கேளுங்க. சின்ன அலை வந்தா தொட்டியில தண்ணி ஏத்த வேண்டியதில்ல. உங்க முதல் இழை பார்க்குது, எழுந்துடுது. பெரிய அலை வந்தா தண்ணி ஏத்தணும். ஏத்தச் சொல்லுது. தண்ணி வரல. கல்லு மேல உட்கார்ந்திருக்கிற தெப்பத்துக்குத் தண்ணி எங்கேருந்து வரும்? வரும் வரும்னு உட்கார்ந்திருக்கு. அது எழலைன்னு மத்த எல்லாமும் காலி இலையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு. இப்படி எத்தனை பந்தி! மனுஷனால ஒரு பந்தியிலதான் உட்கார முடியும். இழை ஆயிரம் பந்தியில உட்காரும். இப்ப வர்ற புயல்ல வர்றதெல்லாம் பெரிய அலை. புயல் வந்த கொஞ்ச நேரத்துல நினைவறை அடைச்சுக்கும்."

சிற்றம்பலம் தெப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நிரல்ல பிழை உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

"ஒரு எழுத்துகூடப் பிழையில்ல. நான் பார்த்ததுலயே சுத்தமான நிரல் இது. தெப்பத்தை மேல தூக்கி வச்சதும் மரியாதைக்குச் செஞ்சது, அதுலயும் தப்புச் சொல்ல மாட்டேன். ரெண்டும் சேர்ந்தா நகரம் கவிழும். மன்றத்துல போய் நான் என்னன்னு சொல்றது?"

"இப்ப சொன்னதையே சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

"பேரை எடுத்துட்டு ரெண்டாவது இழையை மூத்ததா வச்சா வேலை முடிஞ்சுது."

"அது நடக்காது," என்றார் சிற்றம்பலம். "திருத்தத்தை நானே எழுதறேன். நேரம் இருக்கா?"

"மழை தொடங்கலையே. எழுதுங்க."

அவர் பொறியறைக்குள் வந்து நெடுநாளாயிற்று. அபயாம்பாள் எழுந்து தன் இருக்கையைக் கொடுத்தாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்து பாட்டனாரின் வரிகளை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தார். பிறகு, எதையும் அழிக்காமல், மூத்தவர் எழும் வரிக்குக் கீழே இரண்டு வரி சேர்த்தார். பந்தியில் மற்றவர்களுள் மிக மெதுவானவர் எடுத்த நேரத்தைப்போல் இரு மடங்கு கடந்தும் அசையாதவர் எவரோ, அவர் எழுந்துவிட்டதாகக் கொள்ளப்படுவார். அவருடைய முறை அவருக்கு அடுத்தவரிடம் செல்லும்.

சுலைகா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். "முதல் இழைன்னு போடலையே?"

"ஏன் போடணும்? அவரை மட்டும் குறிச்சு எழுதினா அது அவமானம். எல்லாருக்கும் பொதுவா எழுதினா அது சட்டம்."

அபயாம்பாள் தயங்கினாள். "மாமா, நகர் மன்றமும் இதே பந்திமுறையிலதான் ஓடுது."

அது உண்மை. மன்றம் எதைத் தீர்மானிக்கவும் எல்லா வீடுகளையும் பொறி வழியாகவே கேட்டது. எல்லா வீட்டுப் பதில்களும் உறைக்குள் இருக்கும். வல்லத்தார் பதில் வந்த பிறகே திறக்கப்படும். வீட்டுக்காகப் பதில் சொல்பவர்களின் பெயர்கள் பொறியில் வரிசையாகப் பதிந்திருந்தன; வல்லத்தார் வீட்டில் முதலில் சிற்றம்பலம், அடுத்து அபயாம்பாள். சிற்றம்பலம் எதையும் ஆற அமர யோசித்துப் பதில் சொல்பவர். மீன் சந்தைக்குக் கூரை போடுவதற்குக்கூட நகரம் அவருக்காகக் காத்திருந்தது. எந்த வேலையாவது இழுத்தால், "என்னப்பா, வல்லத்தார் இன்னும் எழலையா?" என்று இளைஞர்கள் தமக்குள் கேலி பேசிக்கொள்வது அவர் காதுக்கு மட்டும் எட்டவில்லை.

"மன்றத்துலயும் ஓடட்டும்," என்றார் அவர். "நம்ம வீட்டுல ஆளுக்கு ஒரு சட்டம் கிடையாது."

திருத்தம் பொறிக்குள் போனது. கல்யாண மண்டபத்தில் ஒரே நேரத்தில் எல்லோரும் எழுந்தாற்போல, மூன்று வருடத்துப் பந்திகள் எழுந்தன. அபயாம்பாளின் திரையில் நினைவறையின் அளவு கீழே கீழே இறங்கி, அவள் இதுவரை பார்த்திராத அளவில் நின்றது. சுலைகா வாய்க்குள் ஏதோ சொல்லிக் கண்ணை மூடித் திறந்தார்.

புயல் வந்தது. வானமும் கடலும் ஒரே நிறமாயின. பெரிய அலைகள் வந்த வண்ணமிருந்தன. ஒவ்வொன்றையும் இழைகள் பார்த்தன, முடித்தன, எழுந்தன. வீடுகளில் விளக்குகள் ஆடவில்லை. சிலர் சன்னலருகே நாற்காலி போட்டுப் பார்த்தார்கள். நகரம் சாயவில்லை.

அமைதி திரும்பியதும் மன்றம் கேள்வியை அனுப்பியது. கசிவாய்வாளர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தார்: நிரலில் பிழையில்லை, தெப்பத்தை மேலே வைத்தது மரியாதைக்கு, இரண்டும் சேர்ந்ததே ஆபத்து. பொறிக்காவல் வல்லத்தாரிடம் தொடரலாமா? வழக்கப்படி, வல்லத்தார் பதில் வந்த பிறகே உறைகள் திறக்கும்.

சிற்றம்பலத்துக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிந்திருந்தது. தெப்பத்தை மேலே தூக்கியது அவர். பெயரைக் காக்க என்று இழையை விட்டுவைத்ததும் அவர். கேட்டு வாங்கிக்கொண்ட காவல் அல்ல அது. கேட்பதற்கு முன்பே திருப்பிக் கொடுப்பதுதான் வீட்டுக்குப் பெருமை. அதில் அவருக்கு ஐயமில்லை. சொற்கள்தான் அமைய வேண்டியிருந்தது. பணிவு வேண்டும், ஆனால் கெஞ்சல் தொனிக்கக் கூடாது. பாட்டனாரின் பெயர் வர வேண்டும், ஆனால் அவர்மேல் பழி சாயக் கூடாது. ஒரு வாசகத்தை அமைத்தார், மாற்றினார். மாடியில் நடந்தார். அபயாம்பாள் வந்து நின்றபோது, இரு என்று கையைக் காட்டினார். மறுநாளும் அவள் வந்தாள். மறுநாளும் கையைக் காட்டினார்.

வாசகம் அமைந்தது. அவருக்கே நிறைவாக இருந்தது. வேட்டியை மாற்றிக்கொண்டு கீழே வந்து மன்றத்திரையைத் திறந்தார்.

பந்தி எழுந்திருந்தது. உறைகள் எல்லாம் திறந்திருந்தன. வல்லத்தார் வீட்டின் பதிலும் இருந்தது: எங்கள் வீடு தொடர விரும்புகிறது. கீழே அபயாம்பாளின் பெயர். மற்ற வீடுகள் பெருவாரியாக ஒப்புக்கொண்டிருந்தன. பொறிக்காவல் வல்லத்தார் வீட்டுக்கே, காவலர் அபயாம்பாள்.

அவர் பொறியறை வாசலில் போய் நின்றார்.

"என்னைக் கேக்காம பதில் சொல்லியிருக்கே."

"கேக்க வந்தேன் மாமா. ரெண்டு தடவை வந்தேன். இருன்னு கையைக் காட்டினீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் பொறி என்னைக் கேட்டுச்சு."

"நான் என்ன சொல்ல இருந்தேன் தெரியுமா?"

"தெரியும் மாமா," என்றாள் அவள். "அதனாலதான் பொறி கேட்ட உடனே சொல்லிட்டேன்."

அவர் உள்ளே வந்தார். அவளைத் தள்ளி உட்காரச் சொல்லி, நிரலைத் திறந்து, தான் எழுதிய இரண்டு வரிகளைப் படித்தார். பிழை தேடினார். பொழுது சாயும்வரை தேடினார். ஓர் இடத்திலும் பிழை இல்லை. எழுதியவர் கை அப்படிப்பட்ட கை.

அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டில் இலை போட்டுச் சாப்பாடு. காவல் வீட்டிலேயே தங்கியது என்று உறவினர்கள் வந்திருந்தார்கள். சுலைகாவையும் அழைத்திருந்தார்கள். சிற்றம்பலம் தலைப்பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்தார். ஊருக்கு எது மாறினாலும் அந்த இடம் மாறவில்லை. மகனும் மருமகளும் பக்கத்தில், மற்றவர்கள் வரிசையாக. பாயசம் வந்தது, மோர் வந்தது. அவர் உண்டு முடித்தார். உண்டு முடித்தவர், சொல்லாமலே போன அந்த வாசகத்தை நினைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தார். நல்ல வாசகம். ஒரு சொல்லை எடுக்கவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

ஏதோ ஓசை அடங்கிவிட்டதுபோல் தோன்றி நிமிர்ந்தார். வரிசையில் ஒருவரும் பேசவில்லை. எல்லா இலைகளும் காலி. எல்லோருடைய கையிலும் மோர்ச்சோறு காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. குழந்தை ஒன்று தாயின் மடியில் தூங்கிவிட்டிருந்தது. சுலைகா எதிர்வரிசையில், சிரிப்பை அடக்கிக்கொள்ள உத்தரத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

சிற்றம்பலம் மருமகள் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில் கேட்டார். "எப்பவும் நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கேனா?"

"இன்னைக்குச் சீக்கிரம்தான் மாமா," என்றாள் அபயாம்பாள்.